வட்ட வீட்டின் நான்காவது ஓரம்

ஏணியக்காவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். தண்ணீர்த் தொட்டியில் வேலை அவள் கணவருக்குத்தான். காலையும் மாலையும் மோட்டாரைப் போட வேண்டும். வெளிச் சுவரில் பதித்திருக்கும் இரும்பு ஏணியில் ஏறி, உச்சியிலுள்ள மூடியைத் திறந்து, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மோட்டாரைப் போடுவதில் அவருக்கு ஒரு சிக்கலும் இல்லை. ஏறுவதுதான் ஆகாது. இரண்டு படி ஏறினாலே தலை சுற்றிவிடும். வேலையில் சேர்க்கும்போது இதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில், அவர் ஏணிக்கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடி நிற்பதை அக்கா பார்த்தாள். "தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். அன்றிலிருந்து ஏறுவது அவள்தான்.

"ஏணியக்கா, தண்ணி எப்படி இருக்கு?" என்று கீழேயிருந்து யாராவது கத்துவார்கள்.

"உன் மாமியார் பேச்சு மாதிரி இருக்கு! நிக்கவே மாட்டேங்குது!" என்று மேலேயிருந்து பதில் வரும். தெரு சிரிக்கும். கணவரும் சிரிப்பார். அவரை எல்லாரும் மோட்டார் அண்ணன் என்பார்கள். யார் என்ன கிண்டல் செய்தாலும் கோபம் வராத மனிதர்.

அவர்கள் மகள் சுண்டுவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனபோதுதான் அக்காவை எனக்கு நன்றாகத் தெரிய வந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். மூட்டை தூக்கும் என் அப்பா, பார்ப்பவர்களிடமெல்லாம் "கணக்குல பட்டம்" என்று சொல்லிக்கொள்வார். அதை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"டீச்சரம்மா, அவளுக்கு எல்லாம் வருது. ஒரே ஒரு மாதிரிக் கணக்கு மட்டும் வரமாட்டேங்குது" என்றாள் அக்கா. "நுழைவுத் தேர்வுல அதுதான் நிறைய வருமாம். அவ எப்படியாவது அந்த ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்குப் போயிடணும். இந்த வீட்டை விட்டுப் போயிடணும்."

பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்று எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று யாரும் இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி நான் கேட்டதில்லை.

தொட்டியைத் தாங்கி நிற்பது தரையிலிருந்து நேராக எழும்பும் வட்டச் சுவர். அதன் அடியில் இருக்கும் வட்ட அறைதான் அவர்கள் வீடு. தலைக்கு மேல் கான்கிரீட் கூரை. அதற்கு மேல் குழாய்கள் மட்டும் ஏறிப்போகும் வெற்றுக் கூடு, ஆள் நுழைய வழியில்லாதது. அதற்கும் மேலேதான் தண்ணீர். வட்ட அறையில் கட்டில் ஒட்டாது, பீரோ ஒட்டாது. எதைப் போட்டாலும் பின்னால் ஒரு சந்து விழும். இந்தத் தொல்லை தாங்காமல் முன்பு குடியிருந்த யாரோ பலகை அடித்து, வட்டத்துக்குள் ஒரு சதுரம் செய்து வைத்திருந்தார்கள். சதுரத்தின் நான்கு மூலைகளும் வட்டச் சுவரைத் தொட்டன. பலகைக்கும் சுவருக்கும் நடுவே நான்கு ஓரங்கள், வளைத்த வில்லைப் போல, நடுவில் அகன்றும் இரு முனைகளில் ஒன்றுமில்லாமல் ஒடுங்கியும் இருந்தன.

ஒரு ஓரத்தில் வாசற்கதவும் செருப்புகளும். இன்னொன்றில் அடுப்பு. மூன்றாவதில் துணியும் பெட்டிகளும். நான்காவது ஓரத்துக்கு வழியே இல்லை. பலகையை முழுக்க ஆணி அடித்து மூடியிருந்தார்கள்.

"இதுக்குள்ள என்னக்கா?" என்று முதல் நாளே கேட்டேன்.

"அது எங்களுது இல்ல" என்றாள் அக்கா, பக்கத்து வீட்டு மாடியைப் பற்றிச் சொல்வது போல.

சுண்டு பலகையை ஒட்டிய சிறிய மேசையில் உட்கார்ந்து படிப்பாள். ஒல்லிப்பிச்சான் பெண். கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் பாதி விடையைச் சொல்லிவிடுவாள். பயிற்சிப் புத்தகத்தில் இருந்த கணக்கைக் கொடுத்தேன். பதினான்கு சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம். அதற்குள் நான்கு மூலையும் தொடும்படி ஒரு சதுரம். மீதியுள்ள இடத்துக்கு வண்ணம் தீட்டி, அதன் பரப்பளவைக் கண்டுபிடி.

கடகடவென்று போட்டாள். ஏழு பெருக்கல் ஏழு பெருக்கல் இருபத்திரண்டின் கீழ் ஏழு, வட்டம் நூற்று ஐம்பத்து நான்கு. சதுரத்தைக் குறுக்கே வெட்டி இரண்டு முக்கோணமாக்கினாள். அடிப்பக்கம் பதினான்கு, உயரம் ஏழு. ஒன்று நாற்பத்தொன்பது, இரண்டும் சேர்ந்து தொண்ணூற்றெட்டு. கழித்தாள். ஐம்பத்தாறு வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதில் என்ன வரவில்லை என்று நினைக்கும்போதே, அதன் கீழே இன்னொரு கோடு போட்டுப் பதினான்கைக் கழித்து, விடை நாற்பத்திரண்டு என்று எழுதினாள். மூன்று துண்டுகளுக்கு மட்டும் வண்ணம் தீட்டினாள்.

"இன்னொண்ணு இருக்கே, சுண்டு?"

"அது வராது மிஸ்."

"ஏன் வராது?"

அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

வட்டத்துக்குள் முக்கோணம் கொடுத்தேன். மூன்று துண்டில் ஒன்றை விட்டாள். அறுகோணம் கொடுத்தேன். ஆறில் ஒன்றை விட்டாள். கவனக்குறைவு என்றால் எப்போதாவது ஒருமுறை சரியாக வர வேண்டும். இது கண்ணும் கருத்துமாகச் செய்யும் தவறு. எதை விடுகிறாள் என்று பார்க்கலாம் என்று தாளை என் பக்கம் திருப்பி வைத்துப் போடச் சொன்னேன். பிறகு குறுக்காக வைத்தேன். தாள் எப்படித் திரும்பினாலும், மூடிய பலகையின் பக்கம் பார்த்திருக்கும் துண்டைத்தான் அவள் விட்டாள்.

குழந்தைகள் ஏதாவது பழக்கிக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சத்தத்தை நான் கவனிக்கக் கொஞ்ச நாளாயிற்று. மோட்டார் ஓடும்போது வீடு முழுக்க அதிரும், ஒன்றும் கேட்காது. மோட்டார் நின்ற ஒரு மாலையில் சுண்டு பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்டது. அவள் நிறுத்தினாள். சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் நின்றது.

"எதிரொலி" என்றேன், யாரும் கேட்காமலேயே.

அடுப்பருகே நின்ற அக்கா என்னைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்தாள். பலகைக்குப் பின்னால், ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, ஒரு தட்டு தரையில் வைக்கப்பட்டது. "உங்க படிப்புல இதுக்கு எதிரொலின்னா பேரு?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். வெற்றுக் கூடு, குழாய், அதிர்வு என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுண்டுவைக் கடைக்கு அனுப்பினாள். பிறகு சொன்னாள்.

"நாங்க வந்தப்போ சாவி குடுத்த மேஸ்திரி சொன்னாரு, மூணு பக்கம் உங்களுது, நாலாவதைத் திறக்க வேணாம்னு. ஏன்னு கேட்டேன். எனக்கும் அப்படித்தான் சொன்னாங்கன்னாரு. முதல்ல நான் இருமினா அது இருமும். நான் பாத்திரம் கழுவி முடிச்சு, ஈரக் கைய முந்தானையில துடைச்சப்புறம்தான் அது கழுவ ஆரம்பிக்கும். அவ்வளவு மெதுவா இருந்துச்சு. பயந்தேன், அப்புறம் பழகிப்போச்சு. தனியா இருக்கிறவளுக்கு அதுவும் ஒரு துணைதானேன்னு விட்டுட்டேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவரு குறட்டை விட்டா அதுவும் விடும். அவருக்கு எங்க கேக்கப் போகுது?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பலகைக்குப் பின்னால் அது நிற்க இன்னும் சற்று நேரம் பிடித்தது.

"சுண்டு பொறந்தா. அழுதா. உள்ள இன்னொரு குழந்தை அழுதுச்சு. அன்னைக்கு ராத்திரி முழுக்க அவளை மடியை விட்டு இறக்கல. அதுவரைக்கும் என்னைப் பார்த்துச் செஞ்சது, அதுக்கப்புறம் என்னைப் பார்த்துச் செய்யறது குறைஞ்சுபோச்சு. அவளைப் பிடிச்சுக்கிச்சு. அவ எண்ணப் பழகும்போதே சொல்லி வச்சேன், நமக்கு மூணுதான்டி, நாலாவதை எண்ணாதேன்னு. கணக்குல சேர்த்தா வீட்டு ஆள் ஆயிடும். வீட்டு ஆள் ஆயிட்டா அவ எங்க போனாலும் கூடவே போகும்." அடுப்பைச் சிறிதாக்கினாள். "அவ வளர வளர அதுவும் வேகமா வருது டீச்சரம்மா. முன்னெல்லாம் அவ ஒரு கணக்கு முடிச்சப்புறம் எழுதும். இப்போ பாருங்க, அவ நிறுத்தினதும் நிக்குது. ஒரு நாள் அவளுக்கு முன்னாடி எழுதிடும்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? படித்தவள் என்று என்னை நம்பிச் சொன்னவளிடம் மூடநம்பிக்கை என்றா? நம்புகிறேன் என்றா? வீட்டுக்குப் போய் அன்று முழுக்க யோசித்தேன். கடைசியில், கணக்கு மட்டும்தான் என் வேலை என்று முடிவு செய்துகொண்டேன். அது முடிவா, நழுவலா என்று இன்னும் தெரியவில்லை.

மறுநாள் அக்காவே கேட்டாள். "அந்த நாலாவதை எண்ணாமலே சரியான விடை வர வேற வழி இருக்கா?"

"துண்டு எதையும் எண்ண வேண்டியதே இல்லக்கா. வட்டத்துல இருந்து சதுரத்தைக் கழிச்சா போதும்."

"கழிச்சா வர்றதுல அதுவும் சேர்ந்துதானே வரும்?"

ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது.

தேர்வு நெருங்கியது. பள்ளியில் வைத்த மாதிரித் தேர்வில் சுண்டு இந்த ஒரு வகையால் மட்டும் தேறவில்லை. இப்படியே எழுதினால் இடம் கிடைக்காது என்று வகுப்பாசிரியை சொல்லி அனுப்பினார். மோட்டார் அண்ணன் என்னிடம் வந்தார். "நீங்க கொஞ்சம் மிரட்டிச் சொல்லுங்களேன். நான் சொன்னா சிரிக்கிறா" என்றார். அவர் மிரட்டினால் நானும் சிரித்துவிடுவேன்.

அன்று மாலை நான் சுண்டுவின் எதிரில் உட்கார்ந்தேன். அக்கா அடுப்படியில் நின்றாள். அதே வட்டத்தையும் சதுரத்தையும் வரைந்தேன்.

"பாரும்மா. தேர்வு எழுதுற இடத்துல இந்த வீடு இல்ல. பலகை இல்ல. வெறும் தாள்தான். தாள்ல மீதி எவ்வளவு?"

சுண்டு பென்சிலை எடுக்கவில்லை. கைகள் மடியில் இருந்தன. பலகைக்குப் பின்னால் பென்சில் உரசியது. நிதானமாக இரண்டு இலக்கங்கள். ஒரு கோடு. பிறகு அமைதி.

சுண்டு தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அது ஐம்பத்தாறுன்னு எழுதுது மிஸ்" என்றாள். குரலில் பயம் இல்லை. பக்கத்தில் உட்காரும் தோழியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். "சரியான விடை அதுதான்னு எனக்கும் தெரியும். ஆனா நான் எழுதினா அது என்கூட வந்துடும்னு அம்மா சொல்லியிருக்காங்க. எழுதலைன்னா நான் இங்கேயே இருக்கணும். ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்?"

அடுப்படியில் கரண்டி விழுந்தது. உள்ளே எதுவும் விழவில்லை. அக்கா கரண்டியை எடுக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. வெயில் நன்றாக ஏறிய பிறகு அக்கா என்னை வரச் சொல்லியிருந்தாள். நான் போனபோது கையில் சுத்தியலும் கடப்பாரையும் வைத்திருந்தாள். மோட்டார் அண்ணன் குறுக்கே நின்றார்.

"வேணாம்டி. இத்தனை வருஷம் விட்டாச்சு. இப்ப எதுக்கு?"

"உங்களுக்கு மேலதானே பயம்? இது தரையிலதான் இருக்கு. தள்ளுங்க."

அவர் தள்ளி நின்றார். ஆணிகள் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தன. முதல் பலகை, இரண்டாவது பலகை. உள்ளே இருந்து ஈரச் சிலேட்டின் வாசனை வந்தது. நான் கைப்பேசி விளக்கை அடித்தேன்.

ஒன்றும் இல்லை. வளைந்த சுவர், சிமெண்டுத் தரை. எலி இல்லை, ஒட்டடை இல்லை. எங்கள் வீட்டில் ஒரு வாரம் பெருக்காவிட்டால் கட்டிலுக்கு அடியில் தூசி உருளும். அத்தனை வருஷம் மூடிக் கிடந்த அந்தத் தரை, அப்போதுதான் பெருக்கியது போலச் சுத்தமாக இருந்தது. விளக்குமாற்றுக் கோடுகள்கூடத் தெரிந்தன.

"எத்தனை வருஷமா நான் பெருக்கியிருக்கேன்" என்று அக்கா மெதுவாகச் சொன்னாள்.

பிறகு ஒரு பாயை எடுத்து வந்து அந்த ஓரத்தில் விரித்தாள். நடுவில் இரண்டடிதான் அகலம். ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். தலையணை ஒன்று, தன் புடவைகள் நாலைந்து, தண்ணீர்ச் சொம்பு. எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டுத் தானும் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"சுண்டு, இங்க வா. உள்ள வராதே, அங்கேயே நில்லு. இது இனிமே அம்மாவோட பக்கம். உன்னுது இல்ல, வேற யாருதும் இல்ல. அம்மாவுது. மூணு நம்ம எல்லாருக்கும், ஒண்ணு அம்மாவுக்கு. எத்தனை?"

சுண்டு வாய்க்குள்ளேயே சொன்னாள். "நாலு."

"சத்தமா."

"நாலும்மா!"

"போய் உக்காந்து கணக்கைப் போடு."

சுண்டு போட்டாள். நூற்று ஐம்பத்து நான்கு, தொண்ணூற்றெட்டு, ஐம்பத்தாறு. அதன் கீழ் கோடு போடவில்லை. நான்கு துண்டுகளுக்கும் வண்ணம் தீட்டினாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அந்த வீட்டில் ஒரே ஒரு பென்சிலின் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி அக்காவைப் பார்த்தேன். மடியில் எழுதுவது போல அசையப் பார்த்த வலக்கை விரல்களை இடக்கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

தேர்வில் சுண்டு தேறினாள். தெரு முழுக்கக் கொண்டாடியது. என் அப்பா, "என் மகள் சொல்லிக்கொடுத்த பொண்ணு" என்று எல்லாரிடமும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

பேருந்து ஏறும் நாளில் அக்கா வரவில்லை. சமையலுக்கும் குளிப்பதற்கும் அந்த ஓரத்தை விட்டு வெளியே வருவாள். ஆனால் வாசலைத் தாண்டுவதில்லை. தேர்வுக்குப் பிறகு ஒருமுறை அவள் அடுத்த வீட்டுக்குப் போனபோது, வீட்டிலிருந்த சுண்டுவின் பின்னால் பலகைகளில் தட்டிக்கொண்டே ஏதோ சுற்றி வந்ததாம். அதற்கப்புறம் அவள் படி இறங்கவே இல்லை. என்னிடம் சொல்லி அனுப்பினாள். "அவளைத் திரும்பிப் பாக்காம ஏறச் சொல்லுங்க. லீவுக்கு வர்றதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"அம்மா ஏன் மிஸ் வரல?" என்று ஜன்னல் வழியாகச் சுண்டு கேட்டாள்.

"வீட்டுல வேலை இருக்கும்மா" என்றேன். அது பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஹாஸ்டலிலிருந்து வாரம் ஒருமுறை அவள் பேசுவாள். சாப்பாடு பிடிக்கவில்லை, கணக்கில் முதலிடம், பக்கத்துக் கட்டில் பெண் குறட்டை விடுகிறாள், இப்படி. அக்கா கைப்பேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். "நீ எழுதும்போது வேற சத்தம் ஏதாவது கேக்குதா?" இல்லை என்ற பதில் வந்ததும் முகம் தெளிந்துவிடும். அதற்குப் பிறகு சுண்டு சொல்வது எதுவும் அவள் காதில் விழாது என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வாசலைத் தாண்டாதவள் ஏணி ஏற முடியாது. தொட்டி சிலமுறை நிரம்பி வழிந்தது, சிலமுறை நிரம்பாமல் தெரு காய்ந்தது. புகார் போயிற்று. வேலை போய்விடும், வீடும் போய்விடும் என்ற நிலை வந்தது. அந்த வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்து, அவர்களுக்கும் ஒரு குழந்தை இருந்தால் என்ன ஆகும் என்றுதான் அக்கா கவலைப்பட்டாள்.

"நான் ஏறுறேன்" என்று மோட்டார் அண்ணன் சொன்னார்.

நான் அன்று அங்கே இருந்தேன். ஏணி அந்த நான்காவது ஓரத்தின் வெளிச்சுவரில்தான் பதிந்திருக்கிறது. அக்கா உள்ளேயிருந்து சொன்னாள், "கண்ணைத் திறக்காதீங்க. நான் சுவரைத் தட்டிக்கிட்டே வர்றேன். நான் பக்கத்துலதான் இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு ஏறுங்க."

அவர் கம்பியைப் பிடித்தார். முகம் வெளுத்திருந்தது. முதல் படி. உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. இரண்டாவது படி. தட்டல் அவர் வயிற்றுக்கு நேராக வந்தது. அவர் ஏற ஏற அதுவும் ஏறியது. ஒரு படிக்கு ஒரு தட்டு, அவர் கால் வைப்பதற்குச் சற்று முன்பே. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். யாரும் கிண்டல் செய்யவில்லை. அவர் மெல்ல மெல்ல, கண்ணை மூடியபடி, உச்சிவரை போனார். மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"முக்கால்வாசி நிக்குது!" என்று கத்தினார். குரலில் சின்னப் பையனின் பெருமை. அதே தட்டலோடு இறங்கி வந்து, மண்ணில் உட்கார்ந்து, சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கடைசிப் படி வரைக்கும் விடாம தட்டிக்கிட்டே வந்தா. அதான் ஏறினேன்" என்றார்.

நான் உள்ளே போனேன். அக்கா பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விரல் முட்டிகள் சிவந்திருந்தன. "நல்ல காரியம் பண்ணீங்கக்கா, அண்ணன் ஏறிட்டாரு" என்றேன்.

அவள் தலையை நிமிர்த்திக் கான்கிரீட் கூரையைப் பார்த்தாள்.

"என் கைக்கு எட்டுற வரைக்கும்தான் நான் தட்டினேன், டீச்சரம்மா" என்றாள்.